பெண் பார்த்த வீட்டில் யூரியா கேட்ட எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் பார்க்கும் உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரே தங்கை என்ற உரிமையில் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது கன்னிவாடியில். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் படிப்பு பாதியில் நின்றது. அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்தவர், ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடை முதலாளி பாய் அவர்கள், "தோல் வெட்ட ஊருக்குள்ள ஆளு கெடக்கு. இனிமே ரப்பர் செருப்புதான்டா ஓடும். போய்க் கத்துக்கிட்டு வா" என்று கேரளத்துப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்து, அறுபதுகளின் தொடக்கத்தில், நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டு, செருப்புக்கு ரப்பர் தாள் அழுத்தும் பிரஸ் வைத்தார் அண்ணன்.

ரப்பரோடு கந்தகமும் ஊதுபொடியும் இன்னும் சில தூள்களும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் வைத்து இறுக்கிச் சூடேற்றுவார்கள். சூட்டில் ஊதுபொடி காற்றாக மாறி, போக வழியில்லாமல் ரப்பருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பிரஸ்ஸைத் திறந்தால், தாள் உப்பிப் பெரிதாகித் துள்ளி வெளியே விழும். "ஆப்பத்துக்குச் சோடா போட்ட மாதிரிதாம்மா" என்பார் அண்ணன். "எந்த ஊரு ஆப்பம்டா இப்படி எந்திரிச்சு ஓடுது?" என்பார்கள் அம்மா.

ஒரே குறை, வாடை. அந்தப் பொடி சூடானால் அசல் கருவாட்டு வாடை அடிக்கும். நாங்கள் சைவம், தெருவும் சைவத் தெரு. எங்கள் வீட்டுக்குக் 'கருவாட்டு வீடு' என்றே பெயர் விழுந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தை ஒருநாள் என்னை நிறுத்தி, "ஏத்தா, திங்கிறதுன்னா சொல்லிட்டுத் திங்க வேண்டியதுதான. கொட்டகை போட்டா வறுக்கணும்?" என்று கேட்டார்.

அண்ணனுக்குப் பக்கத்து ஆத்தூரில் பெண் பார்த்து, தாம்பூலம் மாற்ற இருந்த நேரம் அது. பெண்ணின் தந்தை விவசாயி. சொல்லாமல் ஒருநாள் வந்து நின்றார். அண்ணன் பிரஸ்ஸைத் திறந்ததும் அந்நேரம்தான். நான் நீட்டிய தண்ணீர்ச் செம்பைப் பெரியவர் வாங்கவில்லை.

"தெருமொனையில சொன்னாக, நான் நம்பல. இப்ப மூக்கே சொல்லுது."

அண்ணன் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்த் தாளைக் கையில் கொடுத்தார். மோந்து பார்த்தவர், "கருவாடு இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா எம்மக நாளைக்கு இந்த வாடையோட கோயிலுக்குப் போனா, மூக்கைப் பொத்துற ஆளையெல்லாம் கூட்டிட்டு வந்து பிரஸ்ஸைக் காட்டுவீங்களா, தம்பி? வாடை போகட்டும், தாம்பூலம் மாத்துவோம்" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அண்ணனுக்கு அந்தப் பெண்ணையே கட்ட வேண்டும். தொழிலை விட்டால் சோறு இல்லை. ஊதுபொடி விற்ற மதுரைக் கடைக்காரர், வயலுக்குப் போடும் யூரியாவைச் சேர்த்தால் வாடை அடங்கும் என்றார். அன்றைக்கு யூரியா லேசில் கிடைக்காது, நிலம் உள்ளவர்களுக்கே கூட்டுறவுச் சங்கத்தில் அளந்துதான் கொடுப்பார்கள். எங்களுக்கு ஏது நிலம்? அண்ணன் நேரே ஆத்தூருக்குப் போய் நின்றார்.

"கொஞ்சம் யூரியா வேணுங்க."

பெரியவர் வீட்டுக்குள் திரும்பி, "அடியே, இங்க வந்து பாரு. பொண்ணு கேட்டவரு உரம் கேட்டு வந்துருக்காரு" என்றாராம்.

கதவுக்குப் பின்னால் இருந்த எங்கள் மதினிதான், "குடுத்து விடுங்கப்பா. வயல்ல போட்டா நெல்லு, அவுககிட்ட குடுத்தா எனக்குக் கல்யாணம்" என்றாராம்.

முதலில் போட்ட தாள்கள் வீண். யூரியா சேர்ந்ததும் ரப்பர் வேகும் முன்பே பொடி பொங்கி, எல்லாம் பொத்தல். மறுபடி ஆத்தூர். "எங்க நாத்தைவிட உங்க செருப்பு அதிகம் திங்குதே" என்றபடியே பெரியவர் அளந்து கொடுத்தார். ரப்பரைச் சீக்கிரம் வேகவைக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சூட்டைக் குறைத்து, ஒரு வழியாகப் பக்குவம் பிடித்தார் அண்ணன்.

அதைத் தானே மோந்து முடிவு செய்ய அவர் விரும்பவில்லை. எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பிரஸ் திறந்தது, தாள் துள்ளி அவர் காலடியில் விழுந்தது. அத்தை மெல்ல முந்தானையை எடுத்தார்.

"என்னப்பா, இன்னைக்குச் சமைக்கலையா?"

அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டுதான் அண்ணன் ஆத்தூருக்கு ஓடினார். தாம்பூலம் மாறியது, கல்யாணமும் நடந்தது. அந்தத் தாளில் வெட்டிய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த பெரியவர், பந்தல் வாசலில் கழற்றியதும் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

அண்ணன் யாரையும் அதட்டியவர் அல்லர். புளிப்பு பட்டால் பொடி தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில், வேலையாட்களின் ஊறுகாயை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார். அதற்கு ஈடாக, தொட்டுக்கொள்ள மதினி வைத்த வெஞ்சனம் எல்லோருக்கும் உண்டு. கடைசி நாட்களில் நடக்க முடியாமல் படுத்திருந்தபோதும், பார்க்க வருகிறவர்களின் காலைத்தான் முதலில் பார்ப்பார். "அடி தேஞ்சு போச்சே, கழட்டிக் குடுங்க" என்பார்.

உடனிருந்து பார்த்த மருத்துவருக்கும், பாய் அவர்களின் குடும்பத்தாருக்கும், ஆத்தூர் உறவுகளுக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. எதிர்வீட்டு அத்தை இன்று இல்லை. அண்ணன் போனபின் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத அந்த நாட்களில், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்தவர்கள் அவருடைய மக்கள்தான். முதல் நாள் தூக்குவாளியைத் திறந்த மதினி, அண்ணன் படத்தைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னார்:

"கருவாட்டு வீட்டுக்குச் சோறு வந்துருக்கு, எந்திரிச்சு வந்து பாருங்க."