கன்னிக்காலில் கட்டிய வியட்நாம் காசு

நடுவில் சதுர ஓட்டை, ஓரமெல்லாம் அராவாத சொரசொரப்பு. அந்தச் செப்புக்காசை முதலில் பார்த்தது சிட்னியின் பரமட்டாவில், நான் வேலை செய்த பல்கட்டும் பட்டறையில். என் மேற்பார்வையாளர் வியட்நாம்காரர். நான் அவரை ‘அக்கா’ என்றே கூப்பிடுவேன். உலோகத்தை உருக்கிப் பல்லுக்கு உறை வார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. ஆதலால் மதியச் சாப்பாட்டிலும் வார்ப்புப் பேச்சுத்தான். அவர்கள் நாட்டில் அரசர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கவிழ்ந்த காலத்தில், பட்டமேறிய ஒரு பையனின் பெயரில் அவசரமாக வார்த்த காசு அது. பிரெஞ்சுக்காரர் அரண்மனையைப் பிடிக்க, பையன் மலைக்கு ஓடிவிட்டான். “நாளைக்கும் சந்தை கூடும் என்று நம்பினவன்தானே காசு வார்ப்பான்?” என்பார் அக்கா. அவருடைய தாய் அதைச் சட்டை விளிம்பில் வைத்துத் தைத்துக்கொண்டு படகேறியவராம்.

இலங்கையில் எங்கள் போர் முடிந்த மறுவருடம் எனக்குக் கல்யாணம். சிட்னியில் சொந்தமென்று ஒருவருமில்லை. தாலி செய்வதற்கு முன் மாப்பிள்ளை வீட்டில் ஒரு காசை உருக்குவோம் என்று அக்காவிடம் சொன்ன நான், பொற்காசு என்று சொல்லவில்லை.

பொன்னுருக்கன்று அக்கா பட்டுச் சட்டையோடு வந்து, அந்தச் செப்புக்காசை நீட்டியபடி நின்றார். “தம்பி,” என்று தமிழில் கூப்பிட்டு, மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார்: “உனக்கு இங்கே ஆளில்லை. நான்தானே அக்கா? இதை உருக்கு.”

உருக்கினால் ஒரு குடும்பம் கடல்கடந்து காப்பாற்றியது போய்விடும். மறுத்தால் அவர் மனம் உடையும். நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது.

பொன்னுருக்க வந்த பத்தர் அங்கிள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாலிப் பொன்னுக்க இதைப் போடேலாது. ஆனா கன்னிக்காலில கட்டச் செப்புக்காசு வேணுமெல்லோ? நீர் என்ன வைச்சிருக்கிறீர்?”

ஐந்து சத நாணயத்தைக் காட்டினேன்.

“அதைப் பொக்கெற்றில போடும்!”

மஞ்சள் துணியில் காசை முடிந்து, கல்யாணப் பந்தலுக்கு முதற்காலாக, கன்னிக்காலாக ஊன்றும் முள்முருக்கந்தடியில் கட்ட அக்காவிடமே கொடுத்தார். பல்லுக்கு உறை பொருத்துகிற கவனத்தோடு அவர் முடிச்சுப் போட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கல்யாணம் முடிந்ததும் காசை அவிழ்த்து அவரிடம் கொடுத்துவிட்டு, தடியை வேலியோரம் நட்டேன். அது வேர்பிடித்து இப்போது கூரைக்கு மேலே நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தார். தேநீர்கூடக் குடிக்கவில்லை, நேரே அந்த மரத்தடிக்குப் போனார். கையில் அதே சதுர ஓட்டைக் காசு.

“தம்பி, என் மகளுக்குக் கல்யாணம். ஒரு கிளை வெட்டித் தா.”

“ஓம், அக்கா,” என்று கத்தி எடுக்கக் குசினிக்கு ஓடினேன்.