பேட்டரி இல்லாத பெடல்

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கொன்றும் குறைந்துவிடாது. ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் அமாவாசை இருட்டில் இல்லை... பட்டப்பகலில், மைசூர் என்.ஆர். மொகல்லாவில், கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்த வீட்டின் மாடியில்.

என் பெயர் ஜீவிதா. சொந்த ஊர் மார்டள்ளி. ஹெப்பால் தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் கிட்டார். பிரசாந்தின் இசைக்குழுவில் எனக்கு இடம் கிடைத்ததே அங்கே கிட்டார் வாசித்த யதுநந்தன் இறந்த பிறகுதான். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் பைக் விபத்து. சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டான். நான் அவனை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது.

ஆனால் ஒத்திகையில் எப்போதும் அவன் பேச்சுதான்.

"ஜீவி, யது வாசிச்ச மாதிரியே வாசிச்சிடு, அஷ்டே, அவ்வளவுதான். ஜனங்க அதைத்தான் கேக்க வராங்க," என்றான் பிரசாந்த்.

"அவனே வேணும்னா அவனையே கூப்பிட்டுக்கோ," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் சொதப்பினால் பிரசாந்த் பெங்களூரிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வந்துவிடுவான். தெரியும். ஆனால் இருக்கிறவரை என் ஓசையில்தான் வாசிப்பேன் என்று முடிவு செய்தேன். அதற்காக ஒரு பெடல் செய்தேன். காலால் அழுத்தும் சின்னப் பெட்டி அது. கிட்டாரின் ஓசை அதற்குள் போய்க் கரகரவென்று வெளியே வரும்.

சர்க்யூட்டை நானே வரைந்தேன். வழவழப்பான தாளில் பிரிண்ட் எடுத்து, செம்புத் தகட்டின்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். ரசாயனத்தில் ஊறப்போட்டதும் வேண்டாத செம்பு கரைந்து கோடுகள் மட்டும் நின்றன. அப்போதுதான் கவனித்தேன். நான் பொறித்திருந்த என் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருந்தது. பிரிண்டைத் திருப்பி எடுக்க மறந்துவிட்டேன். வீட்டில் போர்டு செய்கிற எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு. தூக்கிப்போட மனமில்லை. பாகங்களை வழக்கம்போல மறுபக்கம் வைக்காமல் செம்புப் பக்கத்திலேயே வைத்துப் பற்றவைத்தேன்; அப்படிச் செய்தால் திருப்பம் சரியாகிவிடும்.

ஞாயிறு, மதியம் 2.40. பேட்டரியை மாட்டிப் பெடலை மிதித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு தந்தியைத் தட்டினேன்.

யதுவின் ஓசை.

பழைய ரெக்கார்டிங்குகளில் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன அதே ஓசை. பிரசாந்துக்குப் போன் செய்தேன்.

"யதுவும் சொந்தமா ஒரு பெடல் செஞ்சானாமே, அதைத் திறந்து பாத்திருக்கியா?"

"ம்... பார்ட்ஸெல்லாம் செம்பு சைடுலயே ஒட்டியிருந்துது. பிரிண்ட் உல்டா ஆயிடுச்சுன்னு சொன்னான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

போர்டு இடவலம் மாறினால் ஓசை மாறாது. அது என் தொழில், எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு பாகங்களை மாற்றிப் பார்த்தேன். அதே ஓசை. கோபத்தில் கிட்டார் வயரைப் பிடுங்கினேன்.

ஓசை நிற்கவில்லை...

ஸ்பீக்கரில் யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் யது தனியாக வாசிக்கும் சோலோ. முதலிலிருந்து.

பேட்டரியைக் கழற்றினேன். சிவப்பு விளக்கு அணையவில்லை.

டப்.

கரண்ட் போனது. கீழே மில் நின்றது. ஃபேன் நின்றது.

ஸ்பீக்கர் மட்டும் நிற்கவில்லை.

பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். கதவு திறந்துதான் இருந்தது, ஓடியிருக்கலாம். ஆனால் ராவெல்லாம் கண்விழித்துப் பற்றவைத்தது நான். ஓட வேண்டியவள் நானா?

"இது என் போர்டு," என்றேன்.

வயரை மாட்டினேன். அவன் வாசிப்பின் மேலேயே வாசித்தேன். யாரும் வாசிக்காத ஒன்றை... அந்த நிமிடம் விரலுக்கு வந்ததை.

அவன் நிறுத்தினான்.

கேட்டுக்கொண்டிருந்தான்...

ஸ்ஸ்ஸ்...

விளக்கு அணைந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் மேடையில், யதுவின் சோலோ வர வேண்டிய இடத்தில் என் புது மெட்டை வாசித்தேன். பிரசாந்த் முறைத்தான். கைதட்டல் எழுந்ததும் முறைப்பதை விட்டுவிட்டான். இனி பெங்களூர் ஆள் வரமாட்டான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் ஒரு பெண் காத்திருந்தாள். யதுவின் தங்கை சம்யுக்தா. கண் சிவந்திருந்தது.

"நீங்க வாசிக்கறச்சே உங்க இடது கையையே பாத்துண்டிருந்தேன். இதை யார் சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்ல. என்னோடது. இன்னிக்கு மத்தியானம்தான் போட்டேன்."

அவள் போனை நீட்டினாள். "அண்ணாவோட கடைசி நாள். வாயில டியூப், பேச முடியலே. விரல் மட்டும் ஆடிண்டே இருந்துது. அதான் எடுத்து வெச்சேன். யாருக்கும் காட்டினதில்லே."

சத்தமில்லாத வீடியோ. கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு இடது கை. விரல்கள் மெல்ல ஏறி இறங்கின. கிட்டார் என் தோளில்தான் இருந்தது. அந்த விரல்களோடு என் விரல்களை வைத்துப் பார்த்தேன்.

என் மெட்டு. ஒரு இடம்கூடப் பிசகவில்லை.

நான் முடித்த இடம் வந்தது. அந்த விரல்கள் முடிக்கவில்லை... மேலே போயின. சட்டென்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னும் இருக்கு, பாருங்கோ."

"வேண்டாம். மீதியை நானே போட்டுக்கறேன்."

மெட்டு என்னுடையது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். போன வாரம் மீதியையும் போட்டு முடித்துவிட்டேன்.

அந்த வீடியோவின் மீதியை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.