பூட்ஸைக் கழற்றிய இன்ஸ்பெக்டர்

ஐந்நூறாவது எபிசோடில் இன்ஸ்பெக்டர் ஞானம் ஒரு தடவைகூடத் துப்பாக்கியைத் தொடவில்லை. கார் துரத்தல் இல்லை, குண்டர் கும்பல் இல்லை, மழையில் சண்டை இல்லை. பேஸ்புக்கில் பாதிப் பேர், "இதுக்கா இவ்ளோ விளம்பரம்?" என்று திட்டியிருந்தார்கள். நான் மலேசியப் போலீஸில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைக் கேட்டால், அந்தத் தொடரில் இத்தனை வருடமாக வராத போலீஸ் வேலை அந்த எபிசோடில்தான் வந்தது.

முன்பெல்லாம் நான் அதைப் பார்த்ததே குறை கண்டுபிடிக்கத்தான். கைரேகை ரிசல்ட் ஒரு கப் தே தாரிக் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். கொலை நடந்த இடத்தில் ஞானம் கையுறை இல்லாமல் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்ப்பார். அதைவிட மோசம், யார் வீடானாலும் பூட்ஸோடு சாமிப் படம் மாட்டியிருக்கும் ஹால் வரைக்கும் போய்விடுவார். எங்கள் பாலாயில், அதாவது ஸ்டேஷனில், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். திட்டிக்கொண்டே ஒரு வாரமும் விடாமல் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

என்னோடு ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் உட்கார்ந்து பார்ப்பவர் புஷ்பம் அக்கா. கிள்ளானில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. எங்கள் பழக்கம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

நான் கோப்பரலாக இருந்தபோது, ஒரு காலையில் கேஸை விசாரிக்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். சுபாங் ஜெயா பக்கம் ஹைவேயில் லோரி விபத்து. டிரைவர் அதே இடத்தில் இறந்துவிட்டார். வீடு கிள்ளானில்.

"தமிழ் வீடு. நீயே போய்ச் சொல்லிடு லா. வாசல்லயே சொல்லிட்டு வந்துடு. உள்ள போனா உட்காரச் சொல்வாங்க, அப்புறம் உனக்கு வாயே வராது," என்றார்.

எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் அந்த எண்ணத்தில்தான் போனேன். கதவைத் திறந்த பெண், "உள்ள வாங்க மேடம், ஏன் வெயில்ல நிக்கிறீங்க," என்றார். அவர்தான் புஷ்பம் அக்கா, அந்த டிரைவரின் மனைவி. வாசலில் பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து வெள்ளை பூசிக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் முடியவில்லை. பேசாமல் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தேன்.

போலீஸ் பூட்ஸ் செருப்பு மாதிரி உதறினால் வந்துவிடாது. கணுக்காலுக்கு மேலே வரை கயிறு. பதற்றத்தில் இழுத்ததில் முடிச்சு இறுகிக்கொண்டது. யார் வந்தாலும் எதற்கு என்று கேட்கத்தானே செய்வார்கள்? அவர் ஒன்றுமே கேட்கவில்லை. கதவைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது பூட்ஸையும் ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சொன்னேன்.

அதன் பிறகு பாலாய்க்கு வந்த புதியவர்களிடம் நான் கறாராகச் சொல்வேன்: "பூட்ஸக் கழட்டாத. வாசல்லயே சொல்லிடு. காக்க வைக்கிறது பாவம்." அவரை அப்படி நிற்க வைத்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. விபத்து பேப்பர்களுக்காக அவர் பாலாய்க்கு வரப்போக இருந்தார், கூடப் போய் உதவினேன், அப்படியே நெருக்கமாகிவிட்டோம். உலகத்துக் கதையெல்லாம் பேசியிருக்கிறோம். அந்தக் காலையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததில்லை.

இப்போது எபிசோடுக்கு வருகிறேன். ஞானத்தோடு வேலை செய்த கான்ஸ்டபிள் ஒருவன் இறந்துவிடுகிறான். அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கதை. பிரிக்பீல்ட்ஸ் ஜாமில் கார் ஊர்கிறது. பார்க்கிங் கிடைக்கவில்லை. பிளாட்டில் லிப்ட் வேலை செய்யவில்லை. மனுஷன் ஒவ்வொரு மாடியாக ஏறுகிறார். அந்த அம்மா கதவைத் திறந்து, "உள்ள வாய்யா," என்கிறார். ஐந்நூறு எபிசோடில் முதல் தடவையாக ஞானம் கீழே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைப் பிடிக்கிறார். மியூசிக் இல்லை. முடிச்சு அவிழவில்லை. அந்த நடிகரின் விரல் தடுமாறியதைப் பார்த்ததும் என் பழைய குறையெல்லாம் அடிபட்டுப் போய்விட்டது. அதை எழுதியவர் எப்போதோ அப்படி ஒரு வாசலில் இருந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் அக்கா. அவரைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியம் வராமல் ரிமோட்டை எடுத்தேன்.

"வை அத," என்றார் அக்கா. "அவர் கழட்டி முடிக்கட்டும்."

முடியும் வரை பார்த்தோம். விளம்பரம் வந்ததும் அவரே பேசினார்.

"நீ படியில உட்காந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா நீ இன்னும் சொல்லல பாரு. அந்தக் கயிறு அவுர்ற வரைக்கும் அவர் எனக்கு உசுரோடதான் இருந்தாரு. இன்னும் கொஞ்சம் இறுகிக்கட்டும்னு வேண்டிக்கிட்டே நின்னேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது பாலாயில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நான் கற்றுக்கொடுத்ததை மறந்துவிடுங்கள். உள்ளே வரச் சொன்னால் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுங்கள். முடிச்சு சிக்கிக்கொண்டால் சிக்கட்டும்.