தலை நோம்பியும் மூன்று கொழுந்தன்களும்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் பெண் என்று நான் ஒருத்திதான். மாமியார் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. மாமனார், என் கணவர், அவருக்குக் கீழே மூன்று பையன்கள். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நடுவன் அவனுக்கு இளையவன். சின்னவனுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிற பாதையை ஒட்டி, தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அந்த மூவரும் நடந்து நான் பார்த்ததில்லை. ஓடுவார்கள், இல்லையென்றால் எதன் மேலாவது ஏறியிருப்பார்கள்.

தை பிறக்கிற சமயத்தில் கணவாய் வழியாக ஒரு காற்று வரும். பனையோலைகள் நாள் முழுக்கச் சடசடத்துக்கொண்டே இருக்கும். சாத்திய கதவு நிற்காது, கொடியில் போட்ட துணி நிற்காது. அந்தக் காற்றும் பையன்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததில், நான் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்ட ஞாபகமே இல்லை.

கல்யாணமானதும் வருகிற முதல் பண்டிகையான தலை நோம்பிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். எனக்கு அம்மா ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பட்டிப் பொங்கலன்று காலையில் வண்டியோடு வருவதாக அண்ணன் சொல்லியனுப்பியிருந்தார். மாட்டுப் பட்டிக்குப் பொங்கல் வைக்கிற நாளில் மூத்த மகன் அங்கே இல்லாமல் முடியாது. அதனால் என் கணவர் பிறகு வருவதாகப் பேச்சு.

அன்று கோழி கூப்பிடும்போதே எழுந்துவிட்டேன். தலை வாரிப் பூ வைத்தேன். மூட்டையைக் கட்டினேன், ஏதோ மறந்த மாதிரி இருக்க அவிழ்த்தேன், மறுபடியும் கட்டினேன். வாசலுக்கும் அடுப்புக்கும் கால் ஓயாமல் நடந்தேன். பையன்கள் அன்று என்னை விட்டு நகரவில்லை.

"நங்கையா, நீங்க போனா பொங்கல ஆரு வெப்பாங்க?" என்று சின்னவன் கேட்டான். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உங்கண்ணன் வெப்பாரு, கண்ணு."

"அண்ணனுக்கு வெக்கத் தெரியாதுங்க."

என் காது வண்டிச் சத்தத்தில் இருந்தது.

வெயில் ஏறுகிற நேரத்துக்கு அண்ணன் வந்தார். கரும்பும் மஞ்சள் கொத்தும் இறக்கினார். மாடுகளை அவிழ்த்துத் தண்ணி காட்டினார். மாமனாரோடு பேசிக்கொண்டே களி சாப்பிட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தபோது, அவர் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, கடையாணியக் காணமுங்க," என்றார் மாமனாரைப் பார்த்து.

சக்கரம் அச்சிலிருந்து கழன்று வராமல் பிடித்து நிறுத்துகிற இரும்பு ஆணி அது. இடப்பக்கத்து ஆணி இல்லை. வந்த வழியில் விழுந்திருக்கும் என்று பாதையெல்லாம் தேடினோம். பையன்களும் கூடவே தேடினார்கள். நடுவன் கள்ளி வேலிக்குள் எல்லாம் நுழைந்து கையைக் கீறிக்கொண்டு வந்தான். கொல்லுப் பட்டறை நோம்பிக்கு மூடிக் கிடந்தது. அண்ணன் வேலங்குச்சி ஒன்றைச் செதுக்கிச் செருகிப் பார்த்தார்.

"மரத்தாணி பள்ளத்துக் கல்லுல தாங்காதுங்க மாப்பிள்ளே," என்றார் மாமனார். "பொம்பளப் புள்ளைய ஏத்திட்டுப் போற வண்டி. இன்னைக்கு இருந்துட்டுப் போங்க."

அண்ணன் தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள் என்ற நினைப்பிலேயே வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அழுதேன். அங்கேயும் காற்று முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது. அழுதது போதுமென்று முகத்தைத் துடைத்துத் திரும்பினால் பெரியவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கரும்புத் துண்டை என் கையில் வைத்துவிட்டு ஓடிப்போனான்.

சாயங்காலம் பட்டிக்கு முன்னால் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தோம். காற்றில் தீ பிடிக்கவேயில்லை. பையன்கள் தென்னந்தடுக்குகளைத் தூக்கிவந்து, அடுப்பைச் சுற்றி மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படி நிற்கும்போதும் ஒருத்தனை ஒருத்தன் காலால் உதைத்துக்கொண்டார்கள். புகை கண்ணைக் கரித்தது. என் கணவர் சாணத்தால் கரை கட்டிச் சின்னக் குளம் ஒன்று செய்து, தண்ணீர் விட்டு, கரையில் ஆவாரம்பூ வைத்தார். பொங்கல் பொங்கியதும் ஒரு கன்றை அந்தக் குளத்தில் இறக்கி மிதிக்க விடுவது வழக்கம். அதற்குள் கன்று, நடுவன் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு கடலைக் காட்டுக்குள் ஓட, மூவரும் தடுக்கைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்கள். அண்ணன்தான் வேட்டியை மடித்துக்கட்டி ஓடிப் பிடித்து வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு.

கடைசியில் பானை பொங்கியது. எல்லாரும் கைகூப்பி நின்றோம். மழை பெய்ய வேண்டும், மாடுகள் பெருக வேண்டும் என்று மாமனார் வேண்டிக்கொண்டார். அவர் நிறுத்தியதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு சின்னவன் உரக்கச் சொன்னான்:

"சாமி, அந்த ஆணி ஒரலுக்கடியிலேயே கெடக்கோணும். ஆரும் எடுத்துறக் கூடாது."

பெரியவன் தம்பி தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினான். சின்னவன் கண்ணைத் திறந்து எங்களையெல்லாம் பார்த்தான்; உதடு கோணியது.

மாமனார் சாட்டையை எடுத்துவிட்டார். "மூணு பேரும் இங்க வாங்கடா! நோம்பி நாளும் அதுவுமா ஊட்டுக்கு வந்தவிங்க வண்டியில கை வெச்சீங்களா?"

பெரியவன் நகரவில்லை. "நாந்தானுங்கய்யா எடுத்தேன். இவனுங்கள அடிக்காதீங்க," என்றான். "அம்மா போனதுக்கப்பறம் நம்மூட்டுப் பட்டியில பானையே வெக்கல. ரெண்டு வருசமா அடுத்த தோட்டத்துல நின்னு பாத்துட்டு வந்தோம். நங்கையா போயிட்டா இந்த வருசமும் அதேதானுங்க."

மாமனார் சாட்டையைக் கீழே போடவுமில்லை, ஓங்கவுமில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடுகள் பக்கம் போய்விட்டார். என் கணவர் குனிந்து, எரிந்து முடிந்த விறகைத் தள்ளி வைத்தார். அண்ணன்தான் பேசினார்.

"செரி, ஆணி கெடைச்சுப் போச்சில்ல. பொங்கல ஆறவெச்சுத் திங்கறதா? போடு அம்மிணி."

வாழையிலையில் வைத்தேன். பெரியவன் வாங்கமாட்டேன் என்று பட்டிப் படலில் சாய்ந்து நின்றான். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "பொங்கல் நல்லாருக்குதாடா?" என்று கேட்டேன்.

"உப்பு இல்லீங்க," என்றான் நடுவன். அப்புறம்தான் எல்லாரும் சிரித்தோம்.

காலையில் உரலைப் புரட்டி ஆணியை எடுத்துப் போட்டு வண்டி பூட்டினோம். நான் ஏறி உட்கார்ந்ததும் என் கணவர் சின்னவனைத் தூக்கி என் மடியில் வைத்தார். மற்ற இருவரையும் பார்த்து, "என்னடா பாக்கறீங்க? ஏறுங்க. பட்டிய நாம்பாத்துக்கறேன்," என்றார்.

வழி முழுக்க ஒருவனும் உட்காரவில்லை. நுகத்தடிக்குப் பக்கத்தில் ஒருவன், வண்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு ஒருவன். கரும்புச் சக்கையெல்லாம் என் புதுப்புடவையில். இவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் அம்மா என்ன சொல்வாளோ என்று யோசித்தபடியே சக்கையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா வாசலிலேதான் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "நேத்துப் பூரா வழி பாத்து வழி பாத்து..." என்று தொடங்கியவள், வண்டியிலிருந்து குதித்த தலைகளைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். "இவீங்களையும் கூட்டியாந்துட்டயா அம்மிணி?"

"என்ற கொழுந்தனுங்களாச்சே."

நான் மேலே சொல்வதற்குள் நடுவன் கிணற்று ஏற்றத்தின் மேல் பாதி தூரம் போயிருந்தான்.

"ஐயோ சாமி, எறங்கு கண்ணு, எறங்கு!" என்று கத்திக்கொண்டே அம்மா அவனைப் பிடிக்க ஓடினாள்.