பட்டன் அக்கா கடை தேடிய ஆறு வாரம்

பட்டன் அக்காவுக்கு எந்தத் தெருவையும் சீக்கிரம் நம்பும் பழக்கம் கிடையாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கடைக்கு இடம் பார்க்கக் கிளம்பியபோது மெயின் ரோட்டிலேயே ஒன்று வாகாக அமைந்தது. யோசிக்காமல் பிடித்துப்போடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவள் ஆறு நாள் எதிர் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தாள். எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணவில்லை. எப்படிப் போகிறார்கள் என்று பார்த்தாள். எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடுகிறவனுக்குத் தன் சட்டையில் ஒரு பட்டன் குறைவது எங்கே ஞாபகம் வரப்போகிறது? மெயின் ரோட்டை விட்டுவிட்டுப் பின்சந்தில் சலவைக்கடைக்கும் தையல்காரருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த இடத்தைப் பிடித்தாள். சலவைத் துணியை வாங்கி விரித்துப் பார்க்கும்போதுதான் மனிதர்கள் பட்டன் போனதைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்த முகத்தோடு நாலு எட்டு வைத்தால் அவள் கடை.

உள்ளே இரண்டு சுவர் முழுக்க ஒல்லியான அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒன்றை நூலால் தைத்து வைத்திருப்பாள். பெட்டியில் எழுத்து என்று எதுவும் கிடையாது. யாராவது கோட்டை நீட்டினால், அறுந்த இடத்தைப் பார்க்கமாட்டாள். மிச்சமிருக்கும் பட்டன்களைப் பார்ப்பாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுகிறவள் மாதிரிக் கண்ணை ஓட்டுவாள். அவளுக்கென்று ஒரு பெயரும் இருந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். நாலு மாதம் அவகாசம். அக்கம்பக்கத்தில் அவள் கைக்கு எட்டுகிற வாடகையில் ஒரு சந்துகூட மிச்சமில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கஷ்டத்தையும் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட்டாகப் பார்க்கிற மனிதர்: முதலில் உள்ளே இருக்கிற ஆளை வெளியே எடு, மற்றதெல்லாம் அப்புறம். இரண்டே நாளில் ஒரு மொத்த வியாபாரியிடம் பேசிவிட்டு வந்தார். கடையில் இருப்பதை அப்படியே மூட்டை கட்டி எடைக்கு எடுத்துக்கொள்வாராம். தெரிந்த சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார ஆள் தேடுகிறார்களாம். அவளுக்காக இடத்தை வைத்திருக்கச் சொல்லியாயிற்றாம்.

“எடைக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

பட்டனை அவள் ஒருநாளும் எடை போட்டதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னாள்:

“ஆறு வாரம் குடுங்க. ஆன்லைன்ல எனக்கு எங்கயாவது எடம் இருக்கான்னு பாக்கறேன். இல்லேன்னா மூட்டைய நானே கட்டித் தரேன்.”

“பாரு. ஆனா எங்க நின்னு பாப்பே? அங்க எதிர்ப்பக்கம் நடைபாதையே கிடையாதே.”

கிண்டலாகத்தான் சொன்னார். அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. ரெண்டு நாள் அதையே அசைபோட்டாள். ஜனங்கள் பேர்சொல்லிப் புகழும் ஆன்லைன் சந்தைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட் தையல் ஊசி வாங்கினாள். வீட்டில் ஊசிக்கா பஞ்சம்? இருந்தாலும், ஒரு ஊசி எப்படி வந்து சேருகிறது என்று பார்த்தால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

முதல் ஊசி மறுநாளே வந்தது, ஒரு ஜோடி பூட்ஸ் வைக்கக்கூடிய பெட்டிக்குள். கொண்டுவந்தவர் மணியை அடித்துவிட்டு அவள் கதவைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டார். அந்தச் சந்தைக்கு ரயில்வே ஸ்டேஷன் என்று பெயர் வைத்தாள். இரண்டாவது ஊசி ஒன்பது நாள் கழித்து, வழவழப்பான காகிதத்தில் சுற்றி, நாடா கட்டி, அனுப்பியவர் கைப்பட எழுதிய கடிதத்தோடு வந்தது. ஊசியைவிடக் கடிதம் கனமாக இருந்தது. அது கல்யாண வீடு. மூன்றாவது சந்தை பழைய சாமான்களும் பழைய துணிகளும் கைமாறுகிற இடம். ஊசி விற்றவர் அனுப்புவதற்கு முன்னால், என்ன துணி தைக்கப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதினார். இவள் பதில் சொல்ல, அவர் இன்னொன்று கேட்க, கடைசியில் அவர் வீட்டுத் திரைச்சீலைவரை பேச்சு போய்விட்டது. ஊசி ஒரு பழைய கவரில் வந்தது. அதற்கு மாடிப்படி என்று பெயர். மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் நின்று பேசும் இடம். பேச்சு இருக்கிறதே தவிர வியாபாரம் இருக்காது என்று அதை அப்போதைக்கு ஒதுக்கிவைத்தாள்.

ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டி எழுதியவற்றை அவள் தொடர்கதை மாதிரி படித்தாள். நாற்காலி வாங்கிய ஒருவருக்கு அது தபால் உறையில் வந்திருந்தது. பொம்மை வீட்டு நாற்காலி. அளவு எழுதித்தான் இருந்தது, அவர் படத்தைப் பார்த்தாரே ஒழிய எழுத்தைப் பார்க்கவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த இடத்திலேயே கொஞ்சம் உஷாராகியிருக்கலாம்.

நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை, பார்சல் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்க்கிறவள். எது அதிகம் திரும்பி வரும் என்று அவளிடம் கேட்டாள். செருப்பும் உடுப்பும்தான் அண்ணி, மூணு சைஸ் வாங்கி ரெண்டத் திருப்பி அனுப்புவாங்க என்றாள் நாத்தனார். சின்னக் கவர்கள் திரும்பி வருவதில்லை, ஆனால் பார்சலை நகர்த்துகிற பெல்ட்டின் இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும், அதனால் உள்ளே ஒரு அட்டை வைத்து அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள்.

கூட்டம் இருக்கிற இடத்தில் ஆரம்பிப்போம் என்று ரயில்வே ஸ்டேஷனில் நாற்பது வகைப் பட்டன்களை ஏற்றினாள். நாலே நாளில் பதினோரு பேர் வாங்கினார்கள். புருஷன் பதினோராவது மாடி வந்தாச்சு என்றார். அட்டை வைத்து, கவர் ஒட்டி, பதினோரு பட்டன்களை அனுப்பினாள்.

அடுத்த வாரம் வசவு வந்தது. ஒரு பட்டனை வைத்து ஏமாற்றிவிட்டாள் என்றார் ஒருவர். மிச்சம் எங்கே என்று கேட்டார் இன்னொருவர். பெட்டி எங்கே என்று கேட்டார் மூன்றாமவர். ஒற்றை நட்சத்திரங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவள் பெயர் தேடினாலும் கிடைக்காத பக்கத்துக்குப் போய்விட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை, ஒன்றும் புரியவில்லை. ஒரு பட்டன் இன்ன விலை என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாள். நாத்தனார் வந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

“அண்ணி, இது பெட்டியோட படம்.”

“பட்டன் படம்டி. நல்லாப் பாரு, முன்னாடி இருக்கு.”

“பெட்டி முன்னாடி பட்டன் இருக்கு. பாக்கறவனுக்கு ஒரு பெட்டி பட்டன்னுதானே தோணும்?”

பட்டன் அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக அவள் கண்ணுக்கு அங்கே அட்டைப் பெட்டி என்று ஒன்று தெரிந்ததே இல்லை. கடைக்கு வந்தவர்கள் யாருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததில்லை. அவள்தான் பக்கத்திலேயே நின்று பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாளே.

எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பட்டன்களை உள்ளங்கையில் வைத்துப் புதிதாகப் படம் எடுத்தாள். ஆனாலும் ஸ்டேஷனில் நின்று நிதானமாகப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. வெள்ளைப் பட்டன் என்று தேடினால் ஐந்நூறு பட்டன் கொண்ட பாக்கெட்டுகளாகப் பக்கம் பக்கமாக வந்தன. அதில் பாதி, அவள் சரக்கை எடைக்கு வாங்கக் காத்திருக்கும் அதே வியாபாரியின் சரக்கு. அவர் வேனில் எழுதியிருக்கும் பெயர் அங்கேயும் இருந்தது. சட்டைப் பட்டனை மூட்டையாக விற்கிறவருக்கு அது சரியான இடம். ஒன்று மட்டும் வேண்டும் என்று வருகிறவர் அங்கே வாய் திறந்து கேட்கவே வழியில்லை. முதலில் வாங்க வேண்டும். அப்புறம் திட்ட வேண்டும்.

அடுத்ததாகக் கல்யாண வீட்டில் ஏற்றிப் பார்த்தாள். அங்கே யாரும் திட்டவில்லை. படத்தின் மேல் இதயம் குத்திவிட்டுப் போனார்கள். நூற்று நாற்பது இதயத்துக்கு இரண்டு பேர் வாங்கினார்கள். அங்கே விற்கிற ஓர் அம்மாளிடம் விசாரித்தாள். இங்கே பொருளைவிட அதைச் செய்தவரைத்தான் பார்ப்பார்கள், உங்களைப் பற்றிக் கொஞ்சம் அழகாக எழுதுங்களேன் என்று பதில் வந்தது. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தாள். பட்டனை அவள் செய்யவில்லை. கண்டுபிடித்து எடுத்துத் தருகிறாள். அதை எப்படி அழகாக எழுதுவது?

நாலு வாரம் ஓடிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். புருஷன் அதை அவளிடம் சொல்லவில்லை; சொல்லாமல் இருப்பது முகத்தில் தெரிந்தது.

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லாதபோது, விற்கிற எண்ணமே இல்லாமல் மாடிப்படிச் சந்தைக்குள் போனாள். பச்சை நிறத்தில் ஒரு பழைய கம்பளிக் கோட்டு கண்ணில் பட்டது. கீழே விற்கிறவர் எழுதியிருந்தார்: நல்ல நிலையில் உள்ளது, ஒரு பட்டன் இல்லை, அதனால் விலை குறைத்திருக்கிறேன். பட்டன் அக்கா அந்த வரியைத் திரும்பப் படித்தாள். அதுவரை அவள் எல்லா இடத்திலும் ‘பட்டன்’ என்றுதான் தேடியிருந்தாள். இப்போது ‘ஒரு பட்டன் இல்லை’ என்று அடித்தாள்.

விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கோட்டு, சட்டை, குழந்தைக் கம்பளி, சோபா உறை, யாரோ ஒருவரின் யூனிஃபார்ம். எல்லாவற்றிலும் ஒன்று குறைந்தது. சலவைக்கடை வாசலில் அவள் பார்த்த அத்தனை முகங்களும் இங்கே ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பது போலிருந்தது. பட்டன் வாங்க எங்கே வருவார்கள் என்று நாலு வாரம் தேடியிருக்கிறாள். தொலைத்தவர்கள் எங்கே கூடுவார்கள் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்!

பச்சைக் கோட்டுக்காரருக்கு எழுதினாள்: மிச்சமிருக்கும் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். படம் வந்தது. பழுப்பு நிறம், நாலு துளை, விளிம்பில் மெல்லிய பள்ளம். எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பினாள். மேல்வரிசையில், ஏழே ஏழு மிஞ்சிய ஒரு பெட்டி. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, நாணயத்தோடு படம் எடுத்து அனுப்பினாள். பதில் வந்தது. “இதேதாங்க. இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?” என்றிருந்தது. கோட்டு மூன்றாம் நாளே முழு விலைக்குப் போனது. போனதை அவரே நாலு பேரிடம் சொன்னார். பழைய துணி விற்கிறவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். ஒன்பது நாளில் முப்பத்தோரு பேர் நாணயம் வைத்துப் படம் அனுப்பினார்கள். இருபத்தாறு பேருக்குக் கிடைத்தது. கிடைக்காத ஐந்தைப் பற்றித்தான் வீட்டில் அதிகம் பேசினாள். அது எந்தக் காலத்துப் பட்டன், யார் போட்டிருப்பார்கள் என்று அவளுக்கு யோசனை ஓயவில்லை.

ஆறாம் வாரக் கடைசியில் மொத்த வியாபாரி சாக்குகளோடு வந்தார். புருஷனும் லீவு போட்டு வந்திருந்தார். அவள் ஏற்கெனவே பெட்டிகளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். நிரம்பி வழிகிற சட்டைப் பட்டன் பெட்டிகள் எல்லாம் ஒரு பக்கம். பத்தும் பன்னிரண்டுமாக மிஞ்சியவை இன்னொரு பக்கம்.

“இந்தப் பக்கம் உங்களுது. அது என்னோடது.”

வியாபாரி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்கா, மாத்திச் சொல்றீங்களா? ஓடற சரக்க எங்கிட்ட குடுத்துட்டு உதிரியெல்லாம் நீங்க வெச்சுக்கறீங்க.”

“மாத்திச் சொல்லல.”

எந்தச் சந்தையில் விற்கிறாள் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னாள். அவர் அங்கேயே போனை எடுத்துத் தேடினார். பட்டன் கேட்டு இங்க ஒருத்தர்கூட இல்லையே என்றார். ‘ஒரு பட்டன் இல்லை’ன்னு போட்டுப் பாருங்க என்றாள். அவர் பார்த்தார். முதலில் நின்றுகொண்டு பார்த்தவர், பிறகு சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தார்.

கடைசியில் வியாபாரி போனைச் சட்டைப்பையில் போட்டார். “நெறைய இருக்கு. ஆனா ஒவ்வொண்ணா யார் உக்காந்து தேடறது?” என்றார்.

அவள் சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தாள்.

வேன் போனபிறகு சுவரில் பாதி வெறுமையாக இருந்தது. புதுச் சந்தையில் வருவது கடையில் வந்ததற்குக் கொஞ்சம் குறைவுதான் என்பதும், இனி அவள் உட்காரப்போகும் வீட்டுப் பின்னறைக்கு வாடகை கிடையாது என்பதும் இருவருக்கும் தெரியும். புருஷன் மிஞ்சிய பெட்டிகளை மடியில் அடுக்கிக் கயிறு கட்டினார். கட்டிக்கொண்டே கேட்டார்:

“சூப்பர் மார்க்கெட்காரன்கிட்ட என்ன சொல்லட்டும்?”

“வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க.”

“நாளைக்கு மறுபடி கேட்டா?”

அவள் காதில் அது விழவில்லை. புதிதாக ஒரு படம் வந்திருந்தது. கறுப்பு நிறம், துளையே இல்லை, நடுவில் பறவையோ இலையோ என்று சொல்ல முடியாத ஒரு கோடு. இதுவரை பார்த்திராத பட்டன். வெறுந்தரையில் உட்கார்ந்து திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.