ஜப்பான் எழுத்தில் ஒரு தமிழ்ப் பேச்சு

வாய்ப்பந்தல் போடுவதில் குலேந்திரனை மிஞ்ச நோர்வேயின் ட்வெய்ட்டாவில் ஆளில்லை. அவன் ஜப்பான்காரி ஹருமியைக் கட்டியபோது, வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சொந்தபந்தத்துக்கு அவல் கிடைத்தது. பிறக்கிற பிள்ளைக்குத் தமிழ் வராது என்றார்கள். “என்ர பிள்ளை மேடையேறித் தமிழ் கதைக்கும், இருந்து பாருங்கோ” என்று சவால் விட்டான்.

சவால் விட்டவன் மகள் சாருகாவோடு கதைத்ததெல்லாம் நோர்வே மொழி. பஸ் ஓட்டி அலுத்து வருகிறவனுக்கு அதுதான் சுகம். ஹருமியோ மகளோடு ஜப்பான் மொழி தவிர வேறொன்றும் பேசமாட்டாள். நோர்வே மொழியில் தண்ணீர் கேட்டால், பிள்ளை ஜப்பான் மொழியில் திருப்பிக் கேட்கும்வரை பேசாமல் நிற்பாள். இதென்ன பிடிவாதம் என்று அவன் நக்கலடிப்பான்.

2006இல், சாருகாவின் ஏழாவது வயதில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி வந்தது. ஆசிரியை செல்வமலர் பேச்சை எழுதி, தன் குரலில் கசெட்டிலும் பதிந்து கொடுத்தார். நான் பழக்குகிறேன் என்று வாங்கி வந்தவன் அதை ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்ததோடு சரி. எடுத்தவள் ஹருமி. தமிழில் ஒரு சொல்லும் அறியாதவள், கசெட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை ஜப்பான் எழுத்தில் எழுதி, மூன்று கிழமை மகளைப் பாடமாக்கவைத்தாள். குலேந்திரன் பக்கத்தில் இருந்து தொலைக்காட்சி பார்த்தான்.

மோர்டென்ஸ்ருட் மண்டபத்தில் சாருகா பிசகாமல் பேசி முடித்தாள். செல்வமலர் அவளை அணைத்துக்கொண்டு ஒலிவாங்கியில் கேட்டார்.

“ஆர் பிள்ளைக்குச் சொல்லித் தந்தது? அப்பாவோ?”

பிள்ளை அப்பாவைப் பார்த்தாள். முன்வரிசையில் அவனைச் சுற்றி முழுச் சொந்தமும் இருந்தது. அவன் தலையை ஆட்டினான்.

“ஓம்” என்றாள் சாருகா.

மண்டபம் கைதட்டியது. ஒன்றும் விளங்காமல் பின்வரிசையிலிருந்து ஹருமியும் சேர்ந்து தட்டினாள். குலேந்திரன் திரும்பிப் பார்த்தான். பச்சைப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தோமே என்ற வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எழும்பி நின்று சபையைக் கும்பிட்டான்.

திரும்பும் ரயிலில் ஹருமி மகளிடம் ஏதோ கேட்டாள். சாருகா ஜப்பான் மொழியில் மெல்லச் சொன்னாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அவன் அந்த மொழியைப் படிக்கவில்லை. நடுவில் வந்த ‘ஓம்’ மட்டும் விளங்கியது. தலை தானாகக் குனிந்தது.

ஹருமி ஏசவில்லை. கசெட்டைக் கேட்டு எழுதிய தாளை நாலாய் மடித்தபடி கைப்பையிலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்தாள். அதில் இருந்தது முழுக்கத் தமிழ். அவனால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை.