எழ முயன்ற நாய்

பகாவ் நகருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, கேட்டில் காவலுக்கு ஒருவர் இருந்தார். நெடிய உருவம், நரைத்த மீசை, அதிகம் பேசமாட்டார். அவர் வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஒன்றரை வயதுதான். அதற்குள் இரண்டு இடுப்பு மூட்டுகளும் கெட்டிருந்தன.

தினமும் காலையில் அதன் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்து, பின்பாகத்தைத் தூக்கிப் பிடித்தபடி, அதன் நடைக்கு ஏற்றபடி குனிந்தே நடப்பார். எடை கூடினால் மூட்டு தாங்காது என்று சோற்றையும் குறைத்துத்தான் வைப்பார்.

ஒருநாள் கேட்டேன். "சிரம்பான்ல நாயைக் காட்டுனீங்களே, அந்த டாக்டரு என்னா சொன்னாரு அண்ணே?"

"ஆப்ரேஷன் பண்ணாலும் சரியா வராதாம் தம்பி. வலிக்கு மாத்திரை கொடுத்திருக்காரு."

"ஊசி போட்டு ஒரேடியா அனுப்பிடலாமேண்ணே, வலியில்லாம போயிடும். பாவம்லா."

"அது தினமும் எந்திரிக்கப் பார்க்குது தம்பி. நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

மழைக்காலத்தில் மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. இரவெல்லாம் முனகியது. கடைசியில் அவரே அதை டாக்டரிடம் கொண்டுபோய் அந்தக் கடைசி ஊசியைப் போடவைத்துவிட்டு, மதியம் வேலைக்குத் திரும்பினார்.

"நீங்க சொன்னப்பவே செஞ்சிருக்கணும் தம்பி. வலியோட வெச்சிருந்துட்டேன்" என்றார்.

தினமும் அது எழ முயன்றதைப் பார்த்துப் பார்த்து, நான் அன்று சொன்னது தவறு என்று அதற்குள் எனக்குத் தோன்றியிருந்தது. அதை ஏன் அவரிடம் சொல்லாமல் நின்றேன் என்று இன்றும் விளங்கவில்லை.